பேச்சியம்மாவுக்குச் சமைத்தவர்

பேச்சியம்மாவுக்கு இரண்டாவது பிள்ளையும் உயிரில்லாமல் பிறந்தது. ஐம்பத்திரண்டாம் ஆண்டின் கடைசி அது. மழை விட்டுப் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. முதல் பிள்ளையைப் போலவே இதுவும் பெரிய பிள்ளை. கொழுகொழுவென்று, தலை நிறைய முடியோடு, இதோ அழப்போகிறது என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும்படி இருந்தது. மருத்துவச்சி காலைப் பிடித்துத் தட்டிப் பார்த்தாள், குளிர்ந்த தண்ணீரைத் தெளித்துப் பார்த்தாள். பிறகு துணியில் சுற்றித் தகப்பன் கையில் கொடுத்துவிட்டாள்.

தகப்பன் நல்லமுத்து, இலங்கை மலைநாட்டில் ராகலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் துரை பங்களாவின் சமையல்காரர். மானாப்புல் வளர்ந்த மேட்டில், முதல் பிள்ளைக்குப் பக்கத்திலேயே இதையும் புதைத்துவிட்டு, ஊற்று நீர் கொட்டும் பீலியில் கை கால் கழுவிக்கொண்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குக்கூடத் திரும்பாமல் நேரே பங்களாவுக்குப் போனார். அன்று துரைக்கு விருந்தாளிகள். கோழி ரோஸ்டும் முட்டைப் புடிங்கும் செய்தாக வேண்டும். செய்தார். புடிங் நன்றாக இருந்தது என்று துரைசானி சொல்லியனுப்பினார். அதைக் கேட்ட பிறகுதான் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நல்லமுத்துவுக்குத் தாய் தகப்பன் முகம் நினைவில்லை. காய்ச்சலில் இருவரும் அடுத்தடுத்துப் போய்விட, பங்களாவின் பழைய சமையல்காரர் அவரைக் கூட்டிப்போய் வெங்காயம் உரிக்க வைத்தார். அங்கேயே தின்று, அங்கேயே படுத்து வளர்ந்தார். கேக்கு, கஸ்டட், சூப்பு, ஸ்டூ எல்லாம் கைவந்தன. லயத்துச் சமையல் மட்டும் தெரியாது. கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பேச்சியம்மாவைக் கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் புளிக்குழம்பு ஊற்றிச் சோறு தின்னும் சுகத்தை அறிந்தார். பேச்சியம்மா கொழுந்து எடுப்பதில் வேகமான கைக்காரி. வாய் அதைவிட வேகம்.

அந்த வாய் இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு அடங்கிப்போனது. உடம்பும் இளைத்துக்கொண்டே வந்தது. ரவிக்கை தோளில் நிற்கவில்லை. பீலியில் வாயை வைத்தால் எடுக்க மாட்டாள். அந்தக் குளிரில் மற்றவர்கள் வாய் கொப்பளிக்கவே யோசிக்கிற தண்ணீரை அவள் வயிறு நிறையக் குடித்தாள். பிள்ளை போன ஏக்கம் என்றார்கள் சிலர். இன்னும் சிலர் அவள் காதுபடவே, வயிற்றில் ஒன்றும் தங்காத பாவி என்றார்கள். கோயில் பூசாரி மந்திரித்துக் கயிறு கட்டினார். அந்தக் கயிறு நழுவி விழுகிற அளவுக்குக் கை மெலிந்தபோது, நல்லமுத்து அவளைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனார்.

அங்கே மருந்து கொடுப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் டாக்டரய்யாதான். அவர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, பேச்சியம்மாவின் நீரில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது.

"இது சீனி வருத்தம், நீரிழிவு. சலத்தில சீனி போகுது," என்றார். "சீனி, சக்கரை, கிழங்கு ஒண்டும் தொடக்கூடாது. ஒரு நேரத்துக்கு அரைச் சுண்டு அளவு அரிசிச் சோறு காணும். மிச்சத்துக்கு மரக்கறி, கீரை, பருப்பு, மீன். ஒவ்வொரு நாளும் விடிய இங்க வந்து ஊசி போட வேணும்."

 அவர்கள் எழுந்து போகும்போது டாக்டரய்யா ஒரு யோசனையோடு கேட்டார்.

"பிள்ளையள் ரெண்டும் பெரிய பிள்ளையளோ?"

"ஆமாங்க," என்றார் நல்லமுத்து.

"அதுவும் இந்த வருத்தத்தாலதான் இருக்கும்."

பேச்சியம்மா நின்றாள். "அப்ப எம்மேல குத்தம் இல்லீங்களா?"

"உன்னில என்ன குற்றம் பிள்ளை? இது வருத்தம்."

டிஸ்பென்சரியிலிருந்து லயம் வரைக்கும் அவள் அழுதுகொண்டே வந்தாள். என்ன நினைத்து அழுகிறாள் என்று நல்லமுத்து கேட்கவில்லை. இனிப் பிள்ளை வேண்டாம் என்றும் டாக்டரய்யா அவரிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அதை அவளிடம் சொல்ல நல்லமுத்துவுக்குப் பல மாதங்கள் ஆயின.

அவர் மனதில் வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது. கல்யாணமான நாள் முதல், பங்களாவில் மீந்த கேக்கையும் புடிங்கையும் துரைசானியிடம் கேட்டு வாங்கி, பட்டர் தாளில் மடித்து அவளுக்குக் கொண்டுவருவார். அவள் அதை விரலால் வழித்துத் தின்பதைப் பார்ப்பதுதான் அவருடைய பொழுதுபோக்கு. அதனால்தான் வந்ததோ என்று டாக்டரய்யாவிடம் கேட்டார். அப்படி இல்லை என்று அவர் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தார். நல்லமுத்து தலையாட்டினாரே தவிர, கடைசிவரை நம்பவில்லை.

அன்றிலிருந்து சமையல் என் பொறுப்பு என்றார். பங்களாவில் காலைச் சாப்பாட்டுக்கு முன்னும், மத்தியானத்துக்கும் இரவுக்கும் இடையிலும் கிடைக்கிற நேரத்தில் லயத்துக்கு ஓடிவந்து அடுப்பு மூட்டினார். பொண்டாட்டிக்குச் சமைக்கிற ஆம்பளை என்று இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து சிரித்தவர்கள் உண்டு. அவர் காதில் வாங்கவில்லை. ஆனால் அவர் சமைத்ததோ வெள்ளைக்கார நோயாளிக்குச் சமைக்கிற சமையல். அவித்த முட்டைக்கோவா, அவித்த போஞ்சிக்காய், உப்பும் மிளகும் தூவிய கரட், மஞ்சள் தண்ணீர் போலப் பருப்பு. பங்களாவுக்கு வந்த விருந்தாளி ஒருவரிடமிருந்து, சீனிக்குப் பதிலாகத் தேத்தண்ணியில் போடுகிற சின்ன மாத்திரைகளையும் கேட்டு வாங்கி வந்தார். பேச்சியம்மா ஒரு வாய் குடித்துவிட்டு வெளியே துப்பினாள்.

"இரும்ப நக்குன மாதிரி இருக்குங்க."

வாய் திறந்து அவள் பேசியதே அவருக்குப் பெரிதாக இருந்தது.

ஊசி போட்டும் நீல மருந்து செங்கல் நிறமாகவே வந்துகொண்டிருந்தது. டாக்டரய்யா முகத்தைச் சுளித்தார். நல்லமுத்துவுக்குப் புரியவில்லை. ஒரு நாள் துரை கண்டிக்குப் போய்விட்டதால் பங்களாவில் வேலை இல்லை. அவித்த கறியைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு கொழுந்து மலைக்கே போனார். தேத்தண்ணி நேரம். பெண்கள் கூடையை இறக்கிவைத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சியம்மா உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, அதை நக்கிக்கொண்டே சாயத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி வேலாயிதான் முதலில் அவரைப் பார்த்து முழங்கையால் இடித்தாள். பேச்சியம்மா கையை முந்தானைக்குள் மறைத்தாள்.

நல்லமுத்து சட்டியைக் கல்லில் வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

சாயங்காலம் அவள் வந்ததும் வராததுமாக ஆரம்பித்தாள். "திட்டணும்னா திட்டிப்புடுங்க. இப்படி மூஞ்சியத் தூக்கிக்கிட்டு இருக்காதீங்க."

"நீ செத்துப்போனா நான் என்ன பண்ணுவேன் புள்ள?"

"நீங்க குடுக்கற பச்சத்தண்ணிக் கறியத் தின்னுக்கிட்டு பத்து வருசம் இருக்கறதுக்கு, சீனியத் தின்னுட்டுப் பத்து நாள்ல போயிரலாங்க. புள்ளையும் இல்ல. வாய்க்கு ருசியும் இல்லன்னா எதுக்கு உசுரு?"

அவர் அடுப்பில் இருந்த கறியை இறக்கி ஓரமாக வைத்தார். பிறகு, "உனக்கு என்ன திங்கணும்னு இருக்கு, சொல்லு," என்றார்.

"எங்கம்மா வைக்குமே, நெத்தலிக் கருவாடு போட்டுப் புளிக்குழம்பு. அது."

"அது எனக்கு வைக்கத் தெரியாதே."

பேச்சியம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளை செத்த பிறகு முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. "துரைக்குக் கோழியோட எலும்ப உருவி வறுக்கத் தெரியும். ஒரு புளிக்குழம்பு வைக்கத் தெரியாதா?"

"தெரியாது. சொல்லிக் குடு."

அப்படித்தான் தொடங்கியது. அவள் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவர் மல்லியையும் மிளகையும் சீரகத்தையும் தனித்தனியாக வறுத்தார். வெந்தயத்தை முதல் நாள் கருக்கினார். இரண்டாம் நாள் பச்சையாக விட்டார். சின்ன வெங்காயத்தைத் தணலில் சுட்டு அரைத்தால் குழம்புக்குத் தன்னாலே ஓர் இனிப்பு வரும் என்று கண்டுகொண்டார். கொறக்காப் புளியை ஊறவைத்து ஊற்றினார். பங்களாவில், வெங்காயத்தாள் போன்ற லீக்ஸின் வெள்ளைத் தண்டு மட்டும்தான் துரைக்கு. பச்சை இலையைக் கொட்டிவிடுவார்கள். துரைசானியைக் கேட்டு அதை எடுத்துவந்து, பொடிப்பொடியாக அரிந்து, மாசிக் கருவாடும் பச்சை மிளகாயும் கொஞ்சமே கொஞ்சம் தேங்காய்ப்பூவும் போட்டு வதக்கினார். பாகற்காயை மெல்லிய வளையமாக நறுக்கி, உப்பும் மஞ்சளும் பிசறி, தோசைக்கல்லில் மொறுமொறுவென்று எடுத்தார். கோவாவை அவிப்பதை விட்டுவிட்டுக் கடுகும் கறிவேப்பிலையும் செத்தல் மிளகாயும் தாளித்து, பல்லில் கடிபடும் பதத்தில் இறக்கினார். காலை ரொட்டிக்குக் கோதுமை மாவோடு குரக்கன் என்கிற கேழ்வரகு மாவும், அரிந்த வெங்காயமும், ஒரு கைப்பிடி வல்லாரையும் சேர்த்துப் பிசைந்தார்.

தட்டில் குவிந்த சோற்றுக்கு ஓரத்தில் கறி வைப்பதுதான் லயத்து வழக்கம். நல்லமுத்து அதை மாற்றினார். தட்டு நிறையக் கறியும் கீரையும். சோறு ஓரத்தில், தொட்டுக்கொள்ள என்பது போல. முதலில் அதைப் பார்த்துப் பேச்சியம்மாவுக்கு அழுகை வந்தது. சோற்றைக் குறைத்துத் தின்பது பஞ்சத்தில் செய்கிற காரியம் அல்லவா? ஆனால் குழம்பு வாய்க்குள் போன பிறகு அந்த எண்ணம் மறந்துபோனது.

"உங்கம்மா குழம்பு மாதிரியே இருக்காடி?" என்று வேலாயி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பாள்.

"எங்கம்மா இம்புட்டு மிளகு போடாது. ஆனா நல்லாத்தான் இருக்கு," என்பாள் பேச்சியம்மா.

நீல மருந்து பச்சையில் நிற்கத் தொடங்கியது. ஒரு காலையில் நீலமாகவே நின்றுவிட்டது. டாக்டரய்யா குழாயைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பேச்சியம்மா அன்று கூடை கனத்தோடு பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள் என்று வேலாயி பிற்காலத்தில் சொல்வாள்.

எல்லாம் ஒழுங்காகவே போய்விடவில்லை. ஒரு கொழுந்து காலத்தில், செடியெல்லாம் ஒரேயடியாகத் துளிர்த்துப் பச்சையாய்க் கிடந்தபோது, நிறுவை முடிய வெகுநேரமாகிவிட்டது. காலையில் ஊசி போட்ட உடம்பு, வயிற்றில் ஒன்றுமில்லை. வரிசையில் நின்ற பேச்சியம்மா வியர்த்து, கண் செருகி, என்னவோ உளறி, செடிக்கு நடுவே சரிந்து விழுந்தாள். கருப்பு அடித்துவிட்டது என்று பெண்கள் அலறினார்கள். ஒருவர் பூசாரியை அழைத்துவர ஓடினார். வேலாயி மட்டும் அவள் தலையை மடியில் வைத்து, கையிலிருந்த சீனித் தேத்தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. பூசாரி வருவதற்குள் பேச்சியம்மா எழுந்து உட்கார்ந்து, "கூடை எங்கடி?" என்று கேட்டாள்.

ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் சீனி இறங்கி உயிருக்கே ஆபத்து என்று டாக்டரய்யா விளக்கினார். சீனி கூடினாலும் சாவு, குறைந்தாலும் சாவா என்று நல்லமுத்து தலையில் கைவைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து, மலைக்குப் போகும்போது குரக்கன் ரொட்டியும் பருப்புத் துவையலும் அவள் மடியில் இருந்தன. மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் நேரில் போய், நிறுவை எப்படி ஆனாலும் அவளைச் சாப்பிட விடும்படி கேட்டுக்கொண்டார்.

வெள்ளைக்காரத் துரை கப்பலேறிப் போனபின், கொழும்பிலிருந்து சிங்களத் துரை ஒருவர் வந்தார். அவருக்கு ஸ்டூவும் புடிங்கும் பிடிக்கவில்லை; உறைப்பாகச் சோறு கறி வேண்டும் என்றார். நல்லமுத்து கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தார். துரை விரல் நுனிவரை நக்கிவிட்டு, இதை எங்கே கற்றுக்கொண்டாய் என்று விசாரித்தார்.

"வீட்டுல தாங்க, எம்பொஞ்சாதிகிட்ட."

அதை வந்து சொன்னபோது, "அப்ப எனக்கும் பங்களாவுல பேர் பதியச் சொல்லுங்க," என்றாள் பேச்சியம்மா.

அவர்கள் வாழ்க்கையில் சிரிப்பு இருந்த வருடங்கள் அவைதான். அவை முடிந்தபின் சரிவு கண்ணிலிருந்துதான் தொடங்கியது. கொழுந்துக்கும் முற்றிய இலைக்கும் வித்தியாசம் தெரியாமல் அவள் கூடையில் கரட்டு இலை சேர ஆரம்பித்தது. கங்காணி கூப்பிட்டுத் திட்டினார். பனி மறைக்கிறது என்று சமாளித்தாள். வெயில் அடிக்கிற நாளிலும் பனி மறைக்கிறது என்றபோது கங்காணி திட்டுவதை நிறுத்திவிட்டார். டவுன் ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் லைட் அடித்துப் பார்த்த பெரிய டாக்டர், சீனி வருத்தம் உள்ளே ரத்த நாளங்களைக் கெடுத்துவிட்டது, கண்ணாடி போட்டாலும் பயனில்லை என்றார். இவ்வளவு ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏன் வந்தது என்று நல்லமுத்து கேட்டார். ஒழுங்காக இருந்ததால்தான் இவ்வளவு காலம் தள்ளியது என்றார் டாக்டர். அது பாராட்டா ஆறுதலா என்று நல்லமுத்துவுக்கு விளங்கவில்லை.

தோட்டத்துப் பேரேட்டில் பேர் வெட்டப்பட்டு, பேச்சியம்மா வீட்டோடு இருந்தாள். விடியலில் வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டுத் தப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் கை தானாகக் கூடைக் கயிற்றைத் தேடும். அடுப்புக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்துகொண்டு, கண்ணில்லாமலேயே சமையலை நடத்தினாள். அவர் வறுப்பார், அவள் மோந்து சொல்வாள்.

"மல்லி போதுங்க, எறக்குங்க."

"இன்னும் கொஞ்சம் பொறு."

"பொறுத்தா கசக்கும். எறக்குங்கன்னா எறக்குங்க."

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அறுபத்திரண்டாம் ஆண்டு ஆடிக்காற்று, கூரைத் தகரத்தைத் தூக்கி எறிகிற மாதிரி அடித்தது. கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறுதான் லயத்தில் விறகு. நல்லமுத்து அதை நிறையப் போட்டு அடுப்பை எரியவிட்டு, குழம்புக்கு வெந்தயம் வறுத்துக்கொண்டிருந்தார். குளிருக்கு இதமாகப் பேச்சியம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு கால்களை அடுப்புப் பக்கம் நீட்டியிருந்தாள்.

"ஏங்க, என்னமோ கருகுது."

"வெந்தயம் இன்னும் செவக்கவே இல்லையே புள்ள."

"வெந்தயம் இல்லங்க. வேற என்னமோ. தோலு கருகற மாதிரி."

அவர் சட்டியைப் பார்த்தார். பிடிதுணியைப் பார்த்தார். கம்பளி நுனியில் தீப்பிடித்ததோ என்று பார்த்தார். ஒன்றுமில்லை. அவள் மூக்கைச் சுருக்கி, முகத்தை அங்கும் இங்கும் திருப்பி, எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. மிலாற்றிலிருந்து தெறித்த தணல் ஒன்று அவளுடைய இடது காலின் சுண்டுவிரலுக்கும் அடுப்புக் கல்லுக்கும் நடுவே கிடந்து கனன்றுகொண்டிருந்தது.

வெறுங்கையால் அதைத் தட்டிவிட்டார்.

"என்னாங்க?"

"ஒண்ணுமில்ல. நெருப்பு ஒண்ணு விழுந்துருச்சு."

"எங்க?"

 பேச்சியம்மா குனிந்து, கையால் தடவிக்கொண்டே போய்த் தன் காலைத் தொட்டாள். தோல் பிய்ந்து விரலோடு வந்தது. அவள் கை அப்படியே நின்றது.

"எனக்கு வலிக்கவே இல்லையேங்க," என்றாள். வலிக்கவில்லையே, வலிக்கவில்லையே என்று சொல்லிச் சொல்லி அழுதாள். வேலாயி ஓடிவந்து பார்த்தபோது, நல்லமுத்து அவள் காலை மடியில் வைத்துக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தார். சட்டியில் வெந்தயம் கரியாகிப் புகைந்துகொண்டிருந்தது.

புண் ஆறவில்லை. டாக்டரய்யா தினமும் வீட்டுக்கே வந்து கழுவிக் கட்டினார். விரல் கறுத்தது. கறுப்பு பாதத்துக்கு ஏறியது. தோட்டத்து லொறியில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் என்றார்கள். பேச்சியம்மா முதலில் மாட்டேன் என்றாள். கண்ணும் இல்லாமல் காலும் இல்லாமல் என்னை வைத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

"சோறாக்கிப் போடுவேன். வேற என்ன செய்யத் தெரியும் எனக்கு?" என்றார் நல்லமுத்து.

அவள் சரி என்றாள். காலை எடுத்தார்கள். எடுத்த இடமும் ஆறவில்லை.

துரை நல்ல மனிதர். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் போய்வரச் சொல்லிவிட்டார். ராகலையிலிருந்து நுவரெலியா பஸ்ஸில், சாப்பாட்டுக் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு நல்லமுத்து தினமும் போனார். ஆஸ்பத்திரியின் பாண் ரொட்டியும் சூப்பும் அவளுக்கு இறங்கவில்லை. அவர் கொண்டுபோனதை மட்டும் கொஞ்சம் தின்பாள். கைக்கு அடக்கமான சோறு, லீக்ஸ் வறை, பருப்பு, ஆற்று மீன் கிடைத்தால் மிளகு போட்டு ஒரு தீயல். பிறகு அதுவும் குறைந்தது. உடம்பு வீங்கியது. பேச்சு குழறியது.

ஒரு நாள் வார்டு வாசலில் சிங்கள நர்ஸ் ஒருத்தி அவரை நிறுத்தினாள். நடுத்தர வயது, தெரிந்த தமிழைப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசினாள்.

"ஐயா, இனி அவங்க என்ன கேட்டாலும் குடுங்க. சீனி, சோறு, எது ஆசையோ அது. டாக்டர் சொன்னாங்க."

நல்லமுத்து தலையாட்டினார். எத்தனையோ வருடம் அவர் கேட்க ஏங்கிய வார்த்தை அது. அது இப்படி வரும் என்று அவர் நினைத்ததில்லை. கட்டிலுக்குப் போகாமல் வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்று, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

"என்ன திங்கணும் போல இருக்கு புள்ள? நாளைக்குக் கொண்டாறேன்."

கேக்கு என்பாள், புடிங் என்பாள் என்று எதிர்பார்த்தார். 

"சோறுங்க. வெறும் சோறு. சுடச்சுட, தட்டு நெறைய."

அடுத்த நாள் முழுச் சுண்டு அரிசி போட்டு வடித்து, ஆவி அடங்கும் முன் கேரியரில் அடைத்து, அவளுடைய கம்பளியில் சுற்றி எடுத்துப்போனார். மூடியைத் திறந்ததும் ஆவி எழுந்தது. பேச்சியம்மா முகத்தை அதன் மேல் கொண்டுவந்து மோந்தாள். கைவிட்டுத் தொட்டாள். விரல்களை உள்ளே உள்ளே விட்டு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாள்.

"இம்புட்டா?"

"ஆமா. உனக்குச் சீனி ரொம்பக் கொறஞ்சிருச்சாம். டாக்டர் குடுக்கச் சொல்லிட்டாரு."

அவள் விரல்களைச் சோற்றிலிருந்து எடுத்தாள். பிறகு மெதுவாக, "அப்படியா?" என்றாள். "உங்களுக்குப் பொய் சொல்ல வராதுங்க."

அவர் ஒரு கவளம் உருட்டி அவள் வாயில் வைத்தார். மென்றாள். இரண்டாவது கவளத்துக்கும் வாய் திறந்தாள். மூன்றாவதற்குத் தலையை அசைத்துவிட்டாள்.

"முடியலங்க. மிச்சத்த நீங்க சாப்பிடுங்க. நானும் சாப்பிட்ட மாதிரி இருக்கும்."

அவள் கேட்டுக்கொண்டிருக்க, அந்தக் கட்டிலோரம் நின்றபடி அவர் சாப்பிட்டார். அவர் மெல்லும் சத்தம் நின்றால் அவள் முகத்தைத் திருப்புவாள். மறுபடி ஒரு வாய் போட்டுக்கொள்வார். கேரியர் காலியாகும்வரை அப்படியே.

அந்த வாரமே பேச்சியம்மா இறந்துபோனாள். நல்லமுத்து கேரியரோடு போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அந்த நர்ஸ்தான் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கேரியரைத் திறந்து, பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த முன்பின் தெரியாத பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, பிணத்தைக் கொண்டுபோக லொறி கேட்கப் போனார். அழவில்லை. தோட்டத்தில் அடக்கம் செய்தபோதும் அழவில்லை. கல் மனசு என்று சிலர் சொன்னார்கள்.

பதினாறாம் நாள் கருமாதிக்குக் கந்தப்பளையிலிருந்து பேச்சியம்மாவின் அண்ணன் பழனியாண்டி குடும்பத்தோடு வந்தார். பெட்டி நிறைய அதிரசம், கேசரி, பொரிவிளங்காய் உருண்டை. காம்பராவில் விளக்கேற்றி, இலை விரித்துப் படையல் போட்டார்கள். சோறும் கறிகளும் வைத்தாயிற்று.

"மச்சான், தங்கச்சிக்கு சின்ன வயசுல இதெல்லாம் உசுரு," என்று அதிரசத் தட்டை நல்லமுத்துவிடம் நீட்டினார் பழனியாண்டி. "நீங்கதான் உங்க கையால வைக்கணும்."

நல்லமுத்து தட்டை வாங்கி இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். குனிந்தார். கை இறங்கவில்லை. பூசாரி காத்துக்கொண்டிருந்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வைங்க மச்சான்."

"இது அவளுக்கு ஆகாது," என்றார் நல்லமுத்து.

பழனியாண்டிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் நல்லமுத்துவின் தோளைத் தொட்டார். "இனி அவளுக்கு என்ன சீக்கு மச்சான்? அதெல்லாம் தீந்துபோச்சு. இன்னிக்காவது நல்லாத் திங்கட்டும். வைங்க."

"ஆகாது மச்சான். ஆகாது. சீனி ஏறிரும்."

தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, தோள் குலுங்க, வாய்விட்டு அழ ஆரம்பித்தார். பிள்ளைகளைப் புதைத்தபோதும் அவளைப் புதைத்தபோதும் வராத அழுகை.  வேலாயி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தட்டின் மேல் இறுகியிருந்த அவர் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

"குடுங்கண்ணே. நான் வைக்கிறேன்."

அவள் தட்டை இலையில் வைத்தாள். பூசாரி சூடம் கொளுத்தினார். நல்லமுத்து அந்தப் பக்கம் பார்க்க மாட்டாமல், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரம் நகர்ந்து உட்கார்ந்தார்.